சம்மதம் கேட்க வந்த சாமியார்

இலங்கையில் மாத்தளையோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் போகிறவர்கள் பஸ்ஸை நம்ப வேண்டும். பஸ் யாரை நம்பியிருந்ததோ, அன்றைக்கு வரவில்லை. தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, திருச்சியிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் இப்படிப் பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிடுவோம். இங்கே ஜனங்கள் குடையை விரித்துக்கொண்டு மீன் வாங்கப் போனார்கள்.

எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே தேத்தண்ணியில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கையில் ஒரு துண்டு கருப்பட்டி கொடுக்கிறார்கள், அதைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். முதல் வாய் கஷாயம் மாதிரி இருந்தது. இரண்டாவது கோப்பையை நானே கேட்டு வாங்கினேன். கடைக்காரர் பரம்பரையாக மாத்தளையில் இருக்கிற முஸ்லிம். அண்ணன் என்பதற்கு எல்லாரும் அவரை 'நானா' என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பல்லேபொலப் பக்கம் இருக்கிற கன்னியர் மடத்துக்குப் போக வேண்டும் என்றேன்.

"வெள்ள முக்காடு போட்ட புள்ளைகள்ட மடமா?" என்றார். "நான் மொளகு எடுக்கப் போற எடந்தான். ஒரு புள்ள வந்து தராசப் புடிக்கும். தலைய நிமித்தவே நிமித்தாது. வருஷக்கணக்கா போறேன், இன்னும் அந்தப் புள்ளட மொகம் எப்படி ஈக்குதுண்டு எனக்குத் தெரியாது."

"அந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணு என் தங்கச்சி" என்றேன்.

 அவர் உள்ளே போய் இன்னொரு துண்டு கருப்பட்டி எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

என் தங்கை புஷ்பம் இலங்கைக்கு வந்தது கன்னியாஸ்திரி ஆவதற்காக இல்லை. எங்கள் சித்தப்பா இங்கே ஒரு தோட்டத்தில் கிளார்க்காக இருந்தார். சித்தியின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக இரண்டு மாதம் இருக்கட்டும் என்று அம்மா அவளை அனுப்பிவைத்தாள். குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது. புஷ்பம் மட்டும் திரும்பவில்லை. மடத்தில் சேர்ந்துவிட்டாள் என்று சேதி வந்தது. இப்போது நவசந்நியாசம் என்கிற பயிற்சி முடிகிற காலம். இனி வார்த்தைப்பாடு என்கிற துறவுச் சத்தியத்தைக் கொடுத்துவிட்டால் அவள் எங்கள் வீட்டுப் பெண் இல்லை.

அம்மா எனக்கு இட்ட வேலை ஒன்றே ஒன்று. "புஷ்பத்தை நேருக்கு நேரா உக்கார வச்சுக் கேளு. அங்கேயே இருக்கணும்னா இருக்கட்டும், ஆனா அதை அவ வாயால சொல்லணும். இல்லைன்னா கையோட கூட்டிட்டு வா." நான் கணக்கு டீச்சர். பெண்களிடமிருந்து பதிலை வாங்குவதுதான் என் பிழைப்பு. அம்மா ஆள் தெரிந்துதான் அனுப்பினாள்.

கடைசியில் பலாக்காய் ஏற்றிய ஒரு லொறியில் நானா என்னை ஏற்றிவிட்டார். டிரைவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "மடத்து விருந்தாளியை முன்னால் உட்காரவை, வண்டி கவிழ்ந்தாலும் நமக்கு மோட்சம் நிச்சயம்" என்றாராம். வண்டி கவிழவில்லை, சேற்றில் புதைந்தது. விருந்தாளியும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று.

மடம் முன்காலத்தில் ஒரு துரையின் பங்களாவாக இருந்திருக்க வேண்டும். சுற்றிலும் கொக்கோ மரங்கள், மரத்துக்கு மரம் ஏறிய மிளகுக் கொடி. நான் முழங்கால் வரை சேற்றோடு முற்றத்தில் நின்றபோது, வெள்ளை முக்காடு போட்ட பெண்கள் கூடைகளோடு வரிசையாக வந்தார்கள். எல்லாருக்கும் பார்வை தரையில். நடுவில் வந்தவளின் நடையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இடது தோளைச் சாய்த்து நடக்கிற நடை, அப்பாவின் நடை.

"புஷ்பம்!" என்றேன்.

அவள் நின்றாள். என் சேற்றுக் காலைப் பார்த்தாள், தலையைத் தாழ்த்தினாள், போய்விட்டாள். கடல் தாண்டி வந்த அக்காவுக்கு அவ்வளவுதான் வரவேற்பு. எனக்கு வந்த கோபத்தில் முறுக்கு டப்பாவைத் திறந்து நானே தின்ன ஆரம்பித்தேன்.

சாயங்காலம் விருந்தினர் அறையில் அவளைப் பார்க்க விட்டார்கள். அவளோடு ஆன்செல்மா என்கிற இன்னொரு நவசந்நியாசி வந்து மூலையில் தையலோடு உட்கார்ந்தாள். தனியாகப் பேச விதி இல்லை. புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எல்லாரையும் விசாரித்தாள். முற்றத்தில் ஏன் பேசவில்லை என்றேன். "அது மவுன நேரம் அக்கா. அனுமதி இல்லாம பேச முடியாது" என்றாள். மூலையிலிருந்து ஆன்செல்மா, "ஆனா டீச்சர், கூடை எறக்கின எடத்துல நின்னு குலுங்கிக் குலுங்கி அழுதாங்க. அதுக்கும் அனுமதி வாங்கல" என்றாள். ஆன்செல்மா தோட்டத்துப் பெண், வாய் சும்மா இருக்காது. அந்த மடத்தில் எனக்கு முதலில் பிடித்த ஆள் அவள்தான்.

அடுத்த நாள் முழுக்க வேடிக்கை பார்த்தேன். மணி அடித்தால் ஊசியில் கோத்த நூலைக்கூட இழுத்து முடிக்காமல் எழுந்து போகிறார்கள். சோப்பு வேண்டுமென்றால் முழங்காலில் நின்று கேட்கிறார்கள். "என்" என்கிற சொல்லே கிடையாது. "நம்ம செருப்பு", "நம்ம கைக்குட்டை", "நம்ம தலைவலி" என்று கூடச் சொல்கிறார்கள். ஒரு பெண் பீங்கான் கோப்பையை உடைத்துவிட்டாள். மதியச் சாப்பாட்டின்போது அந்த உடைந்த துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு உணவறை நடுவே முழங்காலில் நின்றாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி நிறுத்தினால் தகப்பன்மார் கம்போடு வந்துவிடுவார்கள். இந்தப் பெண்ணோ ஏதோ பரிசு வாங்குகிறவள் போல நின்றாள்.

உணவறை வாசலோரம் எனக்கு ஒரு சின்ன மேசை போட்டிருந்தார்கள். காலையில் பாண் என்கிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். மதியம் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, மாசி போட்ட பலாக்காய்க் கறி. மாசி என்பது கல் மாதிரி காய்ந்த மீன். இடித்துத்தான் போடுகிறார்கள். அதைச் சேர்த்தால் எந்தக் காயும் பெரிய மனுஷத்தனம் அடைந்துவிடுகிறது. பூசைக்கான அப்பத்தையும் இந்த மடத்தில்தான் சுட்டுச் சுற்றியுள்ள கோயில்களுக்கு அனுப்புகிறார்கள். நீளப் பிடி வைத்த இரும்பு அச்சில் மாவை ஊற்றி, கரி அடுப்பில் காட்டி, வட்டம் வட்டமாக வெட்டுகிறார்கள். அது புஷ்பத்தின் வேலை. வெட்டியபின் மிஞ்சுகிற ஓரங்களை ஆன்செல்மா எனக்கு ஒரு தட்டில் கொண்டுவந்தாள். ருசி ஒன்றுமில்லை, ஆனால் நிறுத்த முடியவில்லை.

நவசந்நியாசிகளுக்குத் தலைவி மதர் கிளேர். வஹகோட்டையில் பிறந்த சிங்களப் பெண்மணி. அந்த ஊரே தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க ஊர். என்னோடு ஆங்கிலத்திலும், இடையிடையே கொஞ்சம் தமிழிலும் பேசினார். கண்டிப்பானவர், ஆனால் வஞ்சகம் இல்லை. "உங்கள் தங்கையைப் போல் ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. சொன்னதைச் செய்வாள், சொல்லாததைச் செய்யமாட்டாள்" என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அன்று சாயங்காலம் அம்மாவின் கேள்வியைக் கேட்டேன். "புஷ்பம், உனக்கு இங்கே இருக்கணுமா, வீட்டுக்கு வரணுமா?"

"தேவ சித்தம் அக்கா."

"தேவனை நான் அப்புறம் கேட்டுக்கறேன். உன் சித்தம் என்னடி?"

"மதர் எப்படிச் சொல்றாங்களோ அப்படி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை விதமாகத் திருப்பிக் கேட்டாலும் அதே பதில். வாய்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகூட நடுவில் ஒரு தப்பு விடும். இவள் விடவில்லை.

மறுநாள் ஒரு சாமியார் வந்தார். மேற்றிராணியார், அதாவது பிஷப், அனுப்பிய வயதான தமிழ்ச் சாமியார், மெலிந்தவர், எதையும் நம்பாத கண். எதற்கு வந்திருக்கிறார் என்று ஆன்செல்மா சொன்னாள். வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு பெண்ணையும் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, சுயசித்தமாகத்தான் வருகிறாயா, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்க வேண்டுமாம். மதர்கூடப் பக்கத்தில் இருக்கக் கூடாதாம். வீட்டார் பெண்களைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகாமல் இருக்கத் திருச்சபை வைத்த சட்டம். எங்கள் ஊரில் கல்யாணப் பூசையிலும் சம்மதமா என்று கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பின்னால் நிற்கிற அத்தை ஒரு இடி இடித்து "சொல்லுடி" என்பாள், கேள்வி தீர்ந்துவிடும். இங்கே அத்தையை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கிறார்களே என்று எனக்கு மெச்சத் தோன்றியது.

மற்றப் பெண்கள் உள்ளே போன சுருக்கில் வந்தார்கள். புஷ்பம் போய் வெகுநேரம் வரவில்லை. வந்தவள் முகம் வெளுத்திருந்தது. பின்னாலேயே சாமியார் வந்து மதரிடம் சொன்னார். நான் வராந்தாவில்தான் இருந்தேன், என்னிடம் மறைக்க அவர் மெனக்கெடவில்லை.

"மதர், இந்தப் புள்ளைய நான் விட முடியாது. இஷ்டமான்னு கேட்டா 'மதருக்கு இஷ்டம்'ங்குது. வீட்டுக்குப் போறியான்னா 'மதர் சொன்னா போறேன்'ங்குது. நான் கேக்க வந்தது ஒங்க சித்தத்த இல்ல. வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்குப் போறேன். திரும்பி வாறப்போ இன்னொருக்கா கேப்பேன். அப்பவும் இதே பதில்தான்னா அக்காவோட ஊருக்கு அனுப்பிருங்க."

 சாமியார் போன பிறகு மதர் கிளேர் என் பக்கம் திரும்பி, "நான் நன்றாகச் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா சாப்பிட்டுக்கொண்டு நாலு நாள் இருந்தால் போதும், தங்கை தானாக என் கையில் வந்து விழுவாள்.

மதர் கிளேர் சும்மா இருக்கவில்லை. புஷ்பத்தைக் கூப்பிட்டு, இன்றிலிருந்து உனக்குப் பிடித்ததை நீயே தீர்மானிக்க வேண்டும், இது என் கட்டளை என்றார். "எதைத் தீர்மானிக்கணும் மதர்?" என்று அவள் கேட்டாள். ஆன்செல்மா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு ஓடிப்போனாள்.

முதல் நாள், மதியத்துக்குப் பூசணியா பலாக்காயா என்று அவளே சொல்ல வேண்டும். அவள் இரண்டையும் எதிரில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். மற்றவர்கள் உணவறையில் காத்திருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் புத்தகம் வாசிக்கிறவள் புனிதர் கதையை வாசிக்க வாசிக்க, அந்தப் புனிதர் செத்தும் போய்விட்டார். கடைசியில் பூசணியும் பலாக்காயும் ஒரே சட்டியில் வெந்து வந்தன. எல்லாரும் பேசாமல் சாப்பிட்டோம். அன்றைக்கு மவுனம் ரொம்ப உதவியாக இருந்தது.

அடுத்த நாள், தோட்ட வேலையா துணி வெளுப்பா என்றார் மதர். புஷ்பம் போய் ஆன்செல்மாவிடம் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டாள். யாரையும் கேட்கக் கூடாது என்று தடை வந்தது. அதன் பிறகு அவள் கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கொக்கோ மரத்தடியில் நின்றுவிட்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தேன். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பு நின்றுபோயிற்று.

அன்று சாயங்காலம் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். அனுமதியோடுதான் வந்திருந்தாள்.

"அக்கா, நான் சாமிகிட்ட சரியாத்தானே சொன்னேன்? 'நான்'னு நினைக்கக் கூடாது, 'எனக்கு'ன்னு சொல்லக் கூடாதுன்னுதானே இத்தனை நாள் படிச்சேன்? படிச்சதைத்தானே சொன்னேன்?" குரல் உடைந்துவிட்டது. "நான் பெயிலா அக்கா?"

எத்தனையோ பெண்கள் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். பெயிலானால் கல்யாணம் பண்ணிவைத்துவிடுவார்கள் என்று உள்ளுக்குள் குஷியாக இருக்கிற பெண்கள் உண்டு, அவர்கள் முகத்தை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன். இது அந்த முகம் இல்லை. இவள் அங்கே இருக்க எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்பது எனக்கு அப்போது தெரிந்துபோயிற்று. அவளுக்குத்தான் அதைச் சொல்லத் தெரியவில்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. இவளை இப்படிக் கூட்டிக்கொண்டு போய் அம்மா முன்னால் நிறுத்தினால், அவள் விருப்பப்பட்டு வந்ததாக நான் எப்படிச் சொல்வேன்? ராத்திரி முழுவதும் புரண்டுகொண்டிருந்தேன். அம்மா மேலும் கோபம், மதர் மேலும் கோபம், புஷ்பத்தின் மேல் எல்லாரையும்விடக் கோபம்.

சாமியார் திருவிழா முடிந்து வந்தபோது வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி, என் கிளாஸில் வாய் திறக்காத பிள்ளைகள் உண்டு. 'விடை என்ன'ன்னு கேட்டா சொல்லவே சொல்லாதுங்க. போர்டில் நானே தப்பா ஒரு விடையை எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுவேன். தெரிஞ்ச பிள்ளைக்கு அது பொறுக்காது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அந்தப் புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தவங்கதானே?"

"ஆமா சாமி."

"அது பொறுத்துக்கிட்டுச் சரின்னு சொல்லிட்டா?"

"அப்போ கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.  எந்தப் பதில் வரவேண்டும் என்று நான் விரும்பினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கதவைச் சாத்தினார்கள். நான் முற்றத்தில் நின்றேன். பெண்கள் கொக்கோ விதையைப் பாயில் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்கள். சாமியாரின் குரல் உள்ளே தணிந்து, ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. என்ன சொன்னார் என்று பிறகு புஷ்பம் சொல்லித்தான் தெரியும். கேள்வியே கேட்கவில்லையாம். "மகளே, முடிவு பண்ணியாச்சு. அக்காவோட போற. மதருக்கும் அதுதான் நல்லதுன்னு படுது. போய் முக்காட்டக் கழட்டி வச்சிட்டு வா" என்றாராம்.

உள்ளே அவர் குரல் நின்றது. பிறகு,

"நான் போக மாட்டேன்!"

கதவு, சுவர், ஓடு எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு வந்தது அந்தக் குரல். "மதர் சொன்னாலும் போக மாட்டேன்! மேற்றிராணியாரே வந்து சொன்னாலும் போக மாட்டேன்! எனக்கு இங்கேதான் இருக்கணும்! எனக்கு!"

கொக்கோப் பாயில் நின்ற அத்தனை பெண்களும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் முகங்களை நான் முழுசாகப் பார்த்தேன். ஆன்செல்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

சாமியார் வெளியே வந்தார். முதல் முறையாகச் சிரித்தார். "கீழ்ப்படிதலுக்கு வார்த்தைப்பாடு குடுக்கப் போற புள்ள, மேற்றிராணியாருக்கே அடங்க மாட்டேங்குது. எனக்கு வேண்டிய பதில் அதுதான்" என்றார். மதர் கிளேர் உதட்டை இறுக்கிக்கொண்டு, மவுன நேரத்தில் குரல் உயர்த்தியதற்காக மதியச் சாப்பாட்டின்போது முழங்காலில் நிற்கச் சொன்னார். சொல்லிவிட்டு வேகமாகக் கோயிலுக்குள் போனார். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

புஷ்பம் உணவறை நடுவே முழங்காலில் நின்றாள். நான் என் மேசையிலிருந்து அவளைப் பார்த்தேன். சின்னப் பிள்ளையில் அவளுக்கு ரிப்பன் என்ன நிறம் என்று நான்தான் சொல்வேன், பாவாடை அம்மா எடுப்பாள், அவள் சரி என்பாள். அவள் எதையாவது வேண்டும் என்று கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. பிறந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் பொருள் இது, அதில் எங்களுக்கு இடம் இல்லை. 

மறுநாள் பஸ் ஒழுங்காக வந்தது. வராமல் இருக்கக் கூடாதா என்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா சமையற்கட்டில் இருந்தாள். பெட்டியைக்கூட நான் கீழே வைக்கவில்லை. என் பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"அவ வாயால சொன்னாளா?"

"சொன்னா. கத்திச் சொன்னா."

"கத்தினாளா? நம்ம புஷ்பமா?" அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "எங்கிட்ட ஒரு நாளும் கத்தினதில்லையே. எப்படிக் கத்தினா? அப்படியே சொல்லிக் காட்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சமையற்கட்டு நடுவில் நின்றுகொண்டு, மூச்சை இழுத்து, நான் கேட்டபடியே கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

அம்மா அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.